எஃப்தலூ மண்பாதையில் நடந்தவர்கள்

கிறீஸின் லெஸ்வோஸ் தீவில், வடக்குக் கரையில, எஃப்தலூ எண்டொரு இடம் இருக்கு. கடலை ஒட்டி ஒரு வெந்நீர் ஊற்று, அதுக்கு மேல ஒட்டோமன் காலத்துக் குவிமாடக் குளிப்பறை. அதைத் தாண்டினால் ஒரு மண்பாதை. இடப்பக்கம் கூழாங்கல் கரையும் கடலும், வலப்பக்கம் ஒலிவ மரங்களும் பற்றைகளும். கிழக்காகக் கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர் நடந்தால் ஸ்கலா சிக்கமினியாஸ் என்ற மீனவக் கிராமம் வரும். கைக்கடக்கமான ஒரு துறைமுகம், பாறைக்கு மேல ஒரு சிற்றாலயம், ஒரு பழைய மல்பெரி மரம், அதுக்குக் கீழ மேசை போட்ட சாப்பாட்டுக்கடை. நடக்கிற வழி நெடுகக் கடலுக்கு அங்கால துருக்கியின் மலைகள் தெரிந்துகொண்டே இருக்கும்.

நடைப்பயண வழிகாட்டிகளுக்கு இந்தப் பாதை நல்ல விருப்பம். வழி தவற ஏலாது, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் சரி. தொப்பியும் தண்ணியும் கொண்டுபோகச் சொல்வார்கள். வசந்த காலத்தில் போங்கள், பூக்கள் அப்போதுதான் என்பார்கள். கடைசியில் மல்பெரி மரத்துக்குக் கீழ இருந்து மீன் சாப்பிடச் சொல்லி முடிப்பார்கள். புவியியல் படிக்கிற எங்கட சிநேகிதி ஒருத்தியின் ஒப்படைக்காக இப்படியான பக்கங்களை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாசிச்சம். எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. வாசிக்க வாசிக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் பார்த்த அநேகமான பக்கங்களில் 2015 என்ற ஆண்டு இல்லை. அந்த ஆண்டை விட்டுவிட்டு இந்தப் பாதையை எழுதக்கூடாது என்பதுதான் எங்கட கட்சி.

ஏன் எண்டு சொல்லுவம். 2015 இல் கடல் வழியாகக் கிறீஸுக்கு வந்தவர்கள் 8 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகம். அதில் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் முதலில் கால் வைத்தது லெஸ்வோஸில. தீவில் குடியிருக்கிற சனமோ 1 இலட்சத்துக்கும் குறைவு. வடக்குக் கரைக்கும் துருக்கிக்கும் நடுவில் ஒடுங்கிய இடத்தில் 10 கிலோமீற்றரளவு கடல்தான். அதனால் சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் இருந்து வந்த குடும்பங்களை ஏற்றிய றப்பர் படகுகள் கரை தட்டினது பெரும்பாலும் எஃப்தலூவுக்கும் ஸ்கலாவுக்கும் இடைப்பட்ட இந்தக் கூழாங்கல் கரையிலதான். வழிகாட்டிகள் புகழ்கிற மண்பாதைதான் அவர்கள் ஏறி வந்த முதல் ஐரோப்பிய வீதி.

கரைக்கு வந்தால் காணாது. பதிவு செய்யத் தென்கிழக்கில இருக்கிற தலைநகர் மித்திலினிக்குப் போகவேணும். வடக்கில உள்ள மொலிவோஸ் பட்டணத்தில் இருந்து அது 60 கிலோமீற்றருக்குக் கிட்ட. அந்த நேரத்துச் சட்டப்படி, பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள்ள வந்தவர்களை வாகனத்தில ஏற்றுவது ஆட்கடத்தலுக்குத் துணைபோனதாகக் கணக்கெடுக்கப்படலாம். டாக்ஸிக்காரர் ஏற்றப் பயந்தார்கள். பஸ்ஸிலும் இடமில்லை. தங்கட காரில ஏற்றிய தீவுச் சனத்துக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் பொலிஸில் மாட்டுப்படுகிற ஆபத்து. ஆகவே நடந்தார்கள். கைக்குழந்தையோட, வயதுபோன அம்மாக்களோட, கடல் தண்ணியில ஊறின சப்பாத்தோட, கோடை வெயிலில மலை ஏறி இறங்கி நடந்தார்கள். இரவில ஒலிவ மரங்களுக்குக் கீழ படுத்தார்கள். பிறகு சட்டம் கொஞ்சம் தளர்ந்தது, பஸ்ஸுகளும் வந்தன. அதுக்கு முன்னம் அந்த றோட்டில நடந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில.

1995 இடம்பெயர்வைப் பற்றி வீட்டில கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு 'நடந்து போனம்' என்ற சொல் இரண்டு விதமாகக் கேட்கும். அதனாலயோ என்னவோ, ஒரே றோட்டில ஒரு நடை உல்லாசமும் இன்னொரு நடை கட்டாயமுமாக இருந்ததைச் சும்மா விட்டுப் போக எங்களால முடியவில்லை.

இதுக்கு ஒரு பதில் இருக்கு, அது லேசான பதிலும் இல்லை. தீவுச் சனம் சுற்றுலாவை நம்பி இருக்கிறது. 2016 இல் மொலிவோஸ் பக்கம் வருகிற பயணிகள் பெரிதாகக் குறைந்துபோனார்கள். கடைகளும் விடுதிகளும் அடிபட்டன. அந்தத் தீவா, அங்கே அகதிகளல்லோ என்று சனம் வேறு இடம் போனது. இந்த நிலையில ஒரு நடை வழிகாட்டி அந்தக் கதையை எடுக்காமல் விடுவது ஊருக்குச் செய்கிற உதவி என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் வாதாடினார். கஷ்டப்பட்ட ஊரைத் திரும்பத் திரும்பக் கஷ்டத்தின் பெயரால் கூப்பிடக் கூடாது என்றார். அது நியாயம்தான். யாழ்ப்பாணம் எண்டவுடன யுத்தம் மட்டும் கதைக்கிற ஆக்களைக் கண்டால் எங்களுக்கும் எரிச்சல் வரும்.

ஆனால் ஸ்கலா சிக்கமினியாஸ் அந்தக் கதையை மறைத்து வைத்திருக்கிற ஊர் இல்லை. அந்த ஊரில் கணிசமானவர்கள் அகதிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1922 இல் ஸ்மிர்னா எரிந்து, கிரேக்கப் படைகள் சின்ன ஆசியாவில் தோற்றபோது அங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இதே கடலைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். அடுத்த ஆண்டு லோசான் உடன்படிக்கை வந்தது. ஏறக்குறைய 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் கிறீஸுக்கும், 4 இலட்சமளவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் என்று சனத்தையே மாற்றிக்கொண்டார்கள். லெஸ்வோஸில் தலைமுறை தலைமுறையாக இருந்த முஸ்லிம்கள் எதிர்க்கரையில உள்ள அய்வலிக் பக்கம் போனார்கள். அய்வலிக்கில் இருந்த கிரேக்கர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். இரண்டு கரையிலும் மற்றவன்ட வீட்டுக்குள்ள குடியேறின சனம்.

மல்பெரி மரத்தைப் பற்றி எழுதுகிற வழிகாட்டிகள் அதுக்குக் கீழ இருந்து எழுதின நாவலாசிரியர் ஸ்ட்ராத்திஸ் மிரிவிலிஸ் பற்றியும் ஒரு வரி சொல்லும். அவர் அந்த மலைக்கு மேல உள்ள சிக்கமினியா கிராமத்தில் பிறந்தவர். துறைமுகப் பாறையில இருக்கிற சிற்றாலயத்தின் பெயரைத்தான் தன்ட நாவலுக்கு வைத்தார், கடற்கன்னி மாதா என்று. 1949 இல் வந்த அந்த நாவல் யாரைப் பற்றியது? சின்ன ஆசியாவில இருந்து ஓடிவந்து இந்தக் கரையில் ஒதுங்கின அகதிகளைப் பற்றியது. வழிகாட்டி மரத்தைக் காட்டுது, எழுத்தாளரைக் காட்டுது, கதை எதைப் பற்றி எண்டதை மட்டும் விழுங்கிவிடுகிறது. எங்களுக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

2015 இல் அதே ஊரில எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றினது. மூன்று வயதான அம்மாக்கள் வாங்கில இருக்கிறார்கள், ஒராள் சிரியக் குழந்தை ஒன்றுக்குப் போத்தலில பால் பருக்குகிறார். அந்த அம்மாக்களின் தாய்மாரும் அங்காலக் கரையில இருந்து வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவரையும், படகில போய் ஆக்களைக் காப்பாற்றின ஒரு மீனவரையும் 2016 இல் நோபல் சமாதானப் பரிசுக்குப் பிரேரித்தார்கள். பரிசு வேறு ஆளுக்குப் போனது. அது கிடக்கட்டும். ஊர் தன்ட கதையைத் தானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அந்த மௌனம் ஊரின்ட மௌனம் இல்லை, எழுதுகிற ஆக்களின்ட மௌனம்.

இன்னொன்று. நடைப்பாதை என்பது உல்லாசப் பயணிக்காக வெட்டினது என்று நினைக்கிறதே பிழை. லெஸ்வோஸில் 1 கோடியைத் தாண்டி ஒலிவ மரங்கள் இருக்குதாம். மலைச்சரிவுகளில் சாந்து பூசாத கல்மதில்கள் கட்டி, படிபடியாக நிலம் எடுத்து நட்ட மரங்கள். அந்த மதில் கட்டுகிற கலையை 2018 இல் யுனெஸ்கோ கிறீஸ் உட்பட எட்டு நாடுகளின் மரபாகச் சேர்த்துக்கொண்டது. மரத்துக்கும் எண்ணெய் ஆட்டுகிற இடத்துக்கும் நடுவில கழுதையும் கோவேறு கழுதையும் நடக்கக் கல் பதித்த பாதைகள் போட்டார்கள். அதுகளுக்குக் கிரேக்கத்தில் 'கல்தெரிமி' என்று பெயர். துருக்கியில 'கல்திரிம்' என்றால் நடைபாதை. இரண்டும் ஒரே சொல். சனத்தை உடன்படிக்கை எழுதி மாற்றினார்கள், சொல்லை மாற்ற ஏலவில்லை. இன்றைக்கு வெளிநாட்டு நடைப்பயணிகள் படம் எடுக்கிற கல்தெரிமிகள் எல்லாம் மூட்டை சுமந்த ஆக்களின்ட பாதை. வேலைக்குப் போனவர்கள், சந்தைக்குப் போனவர்கள், கலியாணத்துக்குப் போனவர்கள், ஓடிப்போனவர்கள். 2015 இல் வந்தவர்கள் அந்த வரிசையில கடைசியாகச் சேர்ந்தவர்கள். அவர்களை மட்டும் விலக்கிவிட்டுப் பாதையின் வரலாறு என்று எதைச் சொல்லுவது?

பழைய வரலாறு என்றால் வழிகாட்டிகள் தாராளமாகச் சொல்லும். கலோனி வளைகுடாவுக்குப் போனால் அரிஸ்டோட்டில் வருவார். பொது ஆண்டுக்கு முன் 345 அளவில் அவர் இந்தத் தீவுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் இருந்து, வளைகுடாவில் மீனையும் கணவாயையும் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார். கூட இருந்தவர் தியோஃப்ராஸ்டஸ், இதே தீவின் எரெசோஸ் ஊர்க்காரர், தாவரவியலுக்கு அடித்தளம் போட்டவர். இந்த அரிஸ்டோட்டில் ஏதென்ஸில ஒரு வெளியாள். பள்ளி நடத்தலாம், குடியுரிமை இல்லை. பின்னால அவர் ஏதென்ஸில நடத்தின பள்ளிக்கு வந்த பெயரும் நடைக்கூடத்தை வைத்துத்தான். கம்பஸில மெய்யியல் படிக்கிற எங்கட ஆள் ஒருத்தருக்கு இதைச் சொன்ன நாளில் இருந்து, விரிவுரைக்குப் பிந்திப் போவதற்கு இது ஒரு சாட்டாகிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் இருக்கு, அவர்களோடும் எங்களுக்கு ஒத்துப்போகாது. லெஸ்வோஸ் என்றால் கண்ணீர் மட்டும் என்று எழுதுகிறவர்கள். மொலிவோஸுக்கு வெளியில குப்பை கொட்டுகிற இடத்தில் ஆயிரக்கணக்கான உயிர்காப்பு அங்கிகள் செம்மஞ்சள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதைப் பார்க்கப் போய், அதுக்கு முன்னால நின்று செல்ஃபி எடுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அந்த அங்கிகளில் 14,000 ஐ எடுத்துக்கொண்டு போய் 2016 பெப்ரவரியில் பேர்லின் இசை மண்டபத்தின் தூண்களில் சுற்றிக் கட்டினார். அது நல்ல கலையா, விளம்பரமா என்று எங்களுக்குள்ள இன்னும் சண்டை முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. தீவு முழுவதையும் ஒரு குப்பைமேட்டுப் படமாகச் சுருக்கினால் அதுவும் பாதி வரைபடம்தான்.

ஏனென்றால் அந்தத் தீவு உண்மையிலயே வடிவான தீவு. 1,630 சதுர கிலோமீற்றர், கிரேக்கத் தீவுகளில் மூன்றாவது பெரியது. கலோனி உப்பளத்தில பூநாரைகள் நிற்கும். எங்கட மன்னாருக்கு வருகிற அதே பெரும் பூநாரை இனம்தான், பெயர் சொன்னவுடன எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. 300 க்கும் மேற்பட்ட பறவை இனங்களைத் தீவில பதிந்திருக்கிறார்கள். ஏப்பிரலில் பறவை பார்க்கிற ஆக்கள் தொலைநோக்கியோட வரிசையில நிற்பார்களாம். மேற்கே சிக்ரி பக்கம் போனால் கல்லாய்ப்போன காடு. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னம் எரிமலைச் சாம்பல் மூடினதில் மரங்கள் வேரோட நின்றபடி கல்லாகிவிட்டன, வருடவளையம்கூடத் தெரியும். முழுத் தீவும் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா. நடக்க வருகிறவர் இதையெல்லாம் பார்த்துச் சந்தோசப்படுவதில ஒரு குற்றமும் இல்லை. நடைப்பயணி சத்தமில்லாத விருந்தாளி. உல்லாசக் கப்பலில வந்து நாலு மணித்தியாலத்தில போகிற ஆளைவிட, ஊரில தங்கி, ஊர்க்கடையில சாப்பிட்டு, பாதையில விழுந்த கல்லைத் தூக்கி வைக்கிற நடைப்பயணியால ஊருக்கு நன்மை அதிகம். நாங்கள் நடப்பவரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் கையில இருக்கிற பக்கத்தைத்தான் சொல்கிறம்.

காசுக் கணக்கையும் பாருங்கோ. அய்வலிக்கில இருந்து மித்திலினிக்குப் பயணிகள் படகு ஓடுகிறது. ஒன்றரை மணித்தியாலம் வரும், சில பத்து யூரோ காசு. 2024 இல் இருந்து துருக்கிக் குடிமக்களுக்கு லெஸ்வோஸ் போன்ற சில தீவுகளுக்கு 7 நாள் விசாவும் உடனடியாகக் கொடுக்கிறார்கள். நல்ல விசயம், கரைகள் சேரட்டும். 2015 இல் அதே கடலைத் தாண்ட றப்பர் படகில ஒரு இடத்துக்கு ஆட்கடத்தல்காரர் வாங்கினது ஆயிரம் டொலருக்கும் மேல. கூடக் காசு கட்டினவன்தான் தாண்டு போனான்.

'த ஸ்விம்மர்ஸ்' படம் உங்களில் கனபேர் நெட்ஃபிளிக்ஸில பார்த்திருப்பீங்கள், 2022 இல் வந்தது. இயந்திரம் நின்றுபோன படகை நீந்தி இழுத்துக்கொண்டு லெஸ்வோஸ் கரைக்கு வந்த சிரியச் சகோதரிகள். தங்கச்சி யுஸ்ரா மர்தினி 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில அகதிகள் அணிக்காக நீந்தினார். படம் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடுகிறது. அக்கா சாரா திரும்ப லெஸ்வோஸுக்கு வந்து, கரையில வந்திறங்குகிற ஆக்களுக்கு உதவி செய்தார். 2018 இல் அவரையும் கூட வேலை செய்த தொண்டர்களையும் பிடித்து, மூன்று மாதத்துக்கு மேல மறியலில வைத்தார்கள். 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோட செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, வந்தவர்கள் தீவைவிட்டு வெளிக்கிடவும் முடியவில்லை. 3,000 பேரளவுக்குக் கட்டின மோரியா முகாமில் 2020 தொடக்கத்தில் 20,000 பேருக்குக் கிட்ட இருந்தார்கள். அந்த செப்ரெம்பரில் அது எரிந்து சாம்பலானது. நீந்தினதுக்குப் படம் எடுத்தார்கள், நீந்தி வந்தவர்களுக்குக் கை கொடுத்ததுக்கு வழக்குப் போட்டார்கள்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிறது, எங்களுக்கென்ன எண்டு கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1996 நத்தார் இரவு மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவில், ஒரு பெரிய கப்பலில இருந்து சின்னப் படகு ஒன்றுக்கு ஆக்களை மாற்றி ஏற்றினபோது படகு தாண்டது. குறைந்தது 283 பேர் செத்தார்கள். இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், அவர்களோட இலங்கைத் தமிழ்ப் பெடியள். கப்பலில மிஞ்சினவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது கிறீஸின் பெலோபொன்னீஸ் கரையில. அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள், பெரிதாக யாரும் நம்பவில்லை. 2001 இல் 'லா ரிப்பப்ளிக்கா' பத்திரிகை கடலுக்கடியில் கமெராவை இறக்கி அந்தப் படகைக் காட்டின பிறகுதான் நம்பினார்கள். பெலோபொன்னீஸும் நடைப்பயணிகள் தேடிப் போகிற கரைதான். கிரேக்கக் கடற்கரை என்றால் எங்கட சனத்துக்கும் அதில ஒரு துண்டு இருக்கு.

இன்றைக்கு எங்களில் ஒருவர் எஃப்தலூவில நடக்க விரும்பினால் ஷெங்கன் விசா வேணும். வங்கிக் கணக்கு விபரம், குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்புறுதி, திரும்பி வருவம் என்பதற்கு அத்தாட்சி. கையில மகாபொல காசோட இருக்கிற மாணவருக்கு இதில ஒன்றும் சரிவராது. இதை அழுகைக்காகச் சொல்லவில்லை. கால் எல்லாருக்கும் இரண்டுதான், பாதை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதைத்தான் சொல்ல வந்தம்.

சரி, என்ன செய்யச் சொல்லுறியள் எண்டு கேட்பீங்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நினைவுத்தூண் கட்டச் சொல்லவில்லை, நடைப்பயணி ஒவ்வொருவரும் தலை குனிந்து போகவேணும் எண்டும் சொல்லவில்லை. வழிகாட்டியின் அதே பக்கத்தில, அதே எழுத்தளவில, நாலைந்து வரி கூடுதலாக வரவேணும். எங்கட சிநேகிதி தன்ட ஒப்படையின் கடைசிப் பக்கத்துக்கு அந்தப் பாதையைத் தானே எழுதினாள். நாங்கள் சேர்ந்து திருத்தினது இப்படி வந்தது:

எஃப்தலூவில் இருந்து ஸ்கலா சிக்கமினியாஸ். சுமார் 10 கிலோமீற்றர், ஆறுதலாக நடந்தால் மூன்று மணித்தியாலம். நிழல் குறைவு, காலையில் தொடங்குங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். கடல் இடப்பக்கம். எதிரே தெரிவது துருக்கி. 1922 இலும் 2015 இலும் சனம் இந்தக் கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தது. 2015 இல் வந்தவர்கள் நீங்கள் நடக்கிற இதே பாதையில் நடந்து, பலர் மித்திலினி வரை போனார்கள். கூழாங்கல்லுக்குள் இன்னும் றப்பர்த் துண்டோ செம்மஞ்சள் துணியோ கண்ணில் பட்டால் அது அந்த ஆண்டின் மிச்சமாக இருக்கலாம். ஸ்கலாவில் மல்பெரி மரத்தடியில் மத்தி மீன் நல்லது. கடைக்காரர் விரும்பிக் கதைத்தால் இருந்து கேளுங்கள். திரும்பி வர டாக்ஸி பிடிக்கலாம், உங்களை ஏற்றுவார்கள்.